தொண்டை ஒன்று, வேலை மூன்று

பால் குடிக்க யாரும் குழந்தைக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறோம். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு இது பொருந்தாது. உறிஞ்சணும், விழுங்கணும், மூச்சும் விடணும். தொண்டையோ ஒன்றுதான். சாஃப்ட்வேர் ஆளான எனக்கு இது இப்படித்தான் புரிகிறது: ஒரே வழியை மூன்று ப்ராசஸ்கள் பங்குபோடுகின்றன, முறை தவறினால் சிஸ்டம் நின்றுவிடும். இங்கே நிற்பது மூச்சு. கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரம் ஆகும்போதுதான் இந்த மூன்றும் ஓரளவு இசைந்து வரும்.

அதுவரை என்ன செய்வது? 1880களில் பாரிஸில் இன்குபேட்டரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே, குழாய்வழிப் பால் புகட்டுவதையும் பழக்கப்படுத்தினார். ஒரு ரப்பர் குழாய், அதன் மேல் ஒரு புனல். அவ்வளவுதான். உறிஞ்சத் தெரியாத குழந்தையின் வயிற்றுக்குப் பால் போய்ச் சேர்ந்தது.

ஆனால் குழந்தை பெட்டிக்குள், அம்மா வெளியே. டார்னியேயின் மாணவர் பியேர் புதேன் 1900இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றித்தான் கவலைப்பட்டார்: பிரித்துவைக்கப்பட்ட தாய்க்குக் குழந்தை மேல் பிடிப்பு விட்டுப்போகிறது. பாலும் வற்றிவிட்டால், குழாயைக் கழற்றும் நாளில் அந்தக் குழந்தை எங்கே போய்க் குடிக்கும்?

இதற்கொரு பதில் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், பற்றாக்குறையிலிருந்து வந்தது. இன்குபேட்டர்கள் போதவில்லை. மருத்துவர் எட்கர் ரெய் சனாப்ரியா, குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். உடம்புச் சூடும் கிடைத்தது, முலையும் பக்கத்திலேயே இருந்தது. 'கங்காரு முறை' என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

குழாய்க்கும் முலைக்கும் நடுவே இன்னொரு படி உண்டு. அது நமக்குத் தெரிந்த பொருள்தான். சங்கு என்றும் பாலாடை என்றும் நம் வீடுகளில் சொல்கிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். உறிஞ்ச வலுவில்லாவிட்டாலும் விழுங்கத் தெரிந்த குழந்தைக்கு அது போதும். புட்டியைவிடக் கழுவுவதும் சுலபம். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பாலூட்டுவது பற்றி 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் கோப்பை, கரண்டியோடு பாலாடையும் அதே பெயரில் இருக்கிறது.

அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் கொஞ்சம் விட்டு, அது விழுங்கி மூச்சுவிட்ட பிறகே அடுத்த மடக்கு. பாரிஸ் குழாயால் தர முடியாமல் போனது இந்தப் பொறுமையைத்தான்: அடுத்தது எப்போது என்பதைக் குழந்தை சொல்கிறது, எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளும் இருக்கிறார்.