கஞ்சித்தொட்டியிலிருந்து காப்பகம் வரை



மயிலாப்பூரைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். கோயில், குளம், அறுபத்துமூவர் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இன்று வேறொன்று சொல்கிறேன். நம் ஊரில் வீடில்லாதவர்களுக்குச் சோறு போட்ட வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பசி என்று வந்தவரிடம், சோறு போடுவதற்கு முன் நாம் என்ன கேட்டோம்?

வடசென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். ஹைதர் அலியுடனான போரினால் கிராமங்கள் அழிந்து, பஞ்சம் வந்து, மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு ஓடிவந்த காலம். 1782-ல் ராயபுரம் பக்கம் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் தொடங்கினார்கள். கிராம மணியக்காரர் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் ‘மானேகார் சவுல்ட்ரி’. வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள். வெறும் கஞ்சி அவர்களை எழுப்பி உட்கார வைக்காது. ஆகவே 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியசாலை தொடங்கினார். இன்றைய ஸ்டான்லியின் வேர் அதுதான். கஞ்சியிலிருந்து ஓர் ஆஸ்பத்திரியே முளைத்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து நம் மயிலாப்பூருக்கு வருவோம். பறக்கும் ரயில் தூண்களுக்குக் கீழே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயை எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதி, 1877-78-ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினியோடு வந்தவர்களின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். வேலை செய்தால்தான் கூலி.

அந்தக் கூலி எவ்வளவு தெரியுமா? 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி அதைக் குறைத்தார். நாள் முழுவதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் காசு. இதை வைத்து உழைக்கும் உடம்பு தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்துத்தான் அளவு உயர்ந்தது. அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் பல லட்சம். அன்று கேட்ட கேள்வி, ‘நீ வேலை செய்வாயா?’

அதற்குப் பத்து வருஷம் முன்பே ஒருவர் வேறு வழி காட்டியிருந்தார். சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊரார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே யாரும் சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பசித்தவர் என்பதே போதுமான தகுதி.

ஆனால் அரசாங்கத்தின் போக்கு அப்படி இல்லை. 1945-ல் பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. தெருவில் கையேந்தினால் பிடித்துப் போய்ப் பணி இல்லத்தில் அடைக்கலாம். அங்கேயும் சோறு உண்டு. ஆனால் கதவு வெளியிலிருந்து பூட்டியிருக்கும்.

2013 பிப்ரவரி 19 அன்று, நம் சாந்தோமில்தான் முதல் அம்மா உணவகம் திறந்தார்கள். இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். கட்சி பார்க்காமல் சொல்கிறேன், அந்த ஒரு ரூபாய்க்கு ஒரு மரியாதை இருக்கிறது. மேஸ்திரியும் நடைபாதையில் தூங்குபவரும் ஒரே வரிசையில் டோக்கன் வாங்குகிறார்கள். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

அப்படியானால் சோற்றுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? மாட வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தவர். கண் மங்கியதும் வேலை போயிற்று. வேலையோடு மாடிப்படிக்குக் கீழே இருந்த படுக்கையும் போயிற்று. காலையில் இட்லி, மத்தியானம் கோயில் அன்னதானம், வயிறு எப்படியோ நிறைந்துவிடும். ஒருநாள் இரவு தலைமாட்டில் வைத்திருந்த பை திருட்டுப் போனது. அதில்தான் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம். “டீச்சர், சோறு கிடைச்சிடுது. நான் யாருன்னு காட்டத்தான் ஒண்ணும் இல்ல” என்றார்.

1962-லிருந்து தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. அதற்கு விண்ணப்பிக்க முகவரி வேண்டும். நடைபாதைக்கு ஏது கதவு எண்? மனு எழுத நான் உட்கார்ந்தபோது, முகவரி என்ற இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. கடைசியில் வழி காட்டியவர் காப்பகம் ஒன்றின் பணியாளர்தான். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்று ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்கப்படும். அப்படித்தான் அவருக்கு அட்டை வந்தது. உதவித்தொகை மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பசி குறித்து 2001-ல் தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2010-ல் நகரங்களுக்கு ஓர் அளவு வகுத்தது: ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும். இந்த ‘24 மணி நேரமும்’ மிக முக்கியம். வீடில்லாதவருக்கு இரவு மட்டும் பிரச்சினை இல்லை. பகலில் குளிக்க, துணி துவைக்க, மூட்டையை நம்பி வைக்க, காய்ச்சலில் சுருண்டு படுக்க ஓர் இடம் வேண்டும். 2013-ல் வந்த மத்திய அரசின் திட்டமும் ஒருவருக்கு 50 சதுர அடி, சமையலறை, குளியலறை என்று சொல்வதோடு, அடையாள அட்டை, ரேஷன், ஓய்வூதியம், மருத்துவம் ஆகியவற்றுக்கும் காப்பகமே வழிகாட்ட வேண்டும் என்றது. நம் மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து ஆண்கள், பெண்கள், மனநலம் குன்றியவர்கள் என்று தனித்தனிக் காப்பகங்கள் நடத்துகிறது. 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘பானியன்’ அமைப்பு, தெருவில் மனநோயோடு திரிந்த பெண்களுக்குச் சோற்றோடு சிகிச்சையும் தந்து, பலரைச் சொந்த ஊருக்கே அனுப்பிவைத்தது.

1799-ல் அண்டர்வுட் கஞ்சித்தொட்டியில் கண்டதும் இதுதான். சோறு ஆளை உள்ளே வரவழைக்கும். அவரை நிமிர்த்த, அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. அன்று வேலை செய்வாயா என்று கேட்டோம். இன்று அட்டை இருக்கிறதா என்று கேட்கிறோம். இரண்டுமே பசித்தவரைச் சோதிக்கும் கேள்விகள்தான்.

பிறந்த நாளுக்கும் திதிக்கும் நீங்கள் பலர் அன்னதானம் செய்கிறீர்கள். மிக நல்லது. அடுத்த முறை காப்பகத்துக்குப் போன் செய்து, என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். சாப்பாடு அன்றைக்கு யாரோ கொடுத்திருப்பார்கள். சோப்பு, வேட்டி, மூக்குக்கண்ணாடி, செருப்பு தேவைப்படலாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தர ஆள் தேவைப்படலாம். தாலுகா அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, முகவரி இல்லாத மனு உங்கள் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்துக் காப்பகம் எது என்று சொல்லி அனுப்புங்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

அனைவரும் நலமாக இருங்கள்.
உங்கள் டீச்சர்