நாகோல்டும் நானுஓயாவும்: இரு பள்ளத்தாக்குகளில் நடை

1911ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஹெர்மன் ஹெஸ்ஸே, கண்டியைப் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு ஏறி, அங்கிருந்து பீதுருதாலகால மலை உச்சிக்கு நடந்து போனார். திருலோக சீதாராம் தமிழாக்கிய ‘சித்தார்த்தன்’ நாவலால் நமக்குப் பழக்கமான அதே ஹெஸ்ஸேதான். அந்தக் காலத்தில் பெரிய ரயில் நுவரெலியாவுக்குப் போகிறவர்களை நானுஓயாவில் இறக்கிவிடும். அங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் ஓடியது. ஹெஸ்ஸேயும் அதில்தான் ஏறியிருக்க வேண்டும்.

அவர் பிறந்த கால்வ், தென்மேற்கு ஜேர்மனியில் கறுங்காட்டின் கிழக்கு ஓரத்தில் நாகோல்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் திருநெல்வேலிப் பக்கம் மிஷன் வேலை செய்து தமிழ் கற்றவர். பிறகு தலச்சேரியில் தங்கி, 1872இல் வெளிவந்த மலையாள அகராதிக்கு உழைத்து, கடைசியில் கால்விலேயே கண் மூடினார். நாகோல்டையும் நானுஓயாவையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவர எனக்கு இந்தக் குடும்பம் போதும்.

இரண்டும் ஆற்றின் பெயரால் அறியப்படும் பள்ளத்தாக்குகள்; இரண்டுக்கும் ரயில் அடுத்தடுத்துத்தான் வந்தது. நாகோல்ட் பள்ளத்தாக்குப் பாதை 1874இல் போர்ட்ஸ்ஹைம் நகரை எட்டியது. நானுஓயாவுக்கு 1885இல் ரயில் வந்து சேர்ந்தது. ஒற்றுமை அதோடு நிற்கிறது. கால்வ் கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டரைச் சுற்றி இருக்கிறது. நானுஓயா ரயில் நிலையமோ 5,291 அடியில், 1,600 மீட்டருக்கும் மேலே. கால்விலிருந்து ஹிர்சாவ் வரை ஆற்றோரமாகப் போகும் மூன்று கிலோமீட்டர் நடையில் மூச்சு வாங்காது. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பாசி படிந்த செம்மணற்கல், மேலே சத்தமே இல்லாத ஊசியிலைக் காடு. போய்ச் சேருமிடத்தில் 1692இல் பிரெஞ்சுப் படை கொளுத்திய மடத்தின் இடிபாடு. நானுஓயாவில் ஆறு கீழே எங்கோ கேட்கும், கண்ணில் படாது. கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியோடு சேரப் போகும் அந்தத் தண்ணீர், தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்திட்டத்துக்கும் போகிறது. ரதல்ல, கிளாசோ, டெஸ்போட், சமர்செட் எந்தத் தோட்டத்துப் பாதையில் கால் வைத்தாலும் ஒன்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும்.

இரண்டு பசுமையும் மனிதன் கை பட்டவை. கறுங்காட்டின் பெருமரங்கள் ஒருகாலத்தில் தெப்பங்களாகக் கட்டப்பட்டு நாகோல்ட், நெக்கார், ரைன் ஆறுகள் வழியாக ஹொலண்ட் வரை மிதந்து போயின. மலைகள் மொட்டையானபின் ஸ்புரூஸ் மரங்களை நட்டு மூடினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு நிர்வாகம் நட்டஈடாகப் பெரும் பரப்பை வெட்டியது. அந்த வெட்டைகளில் கூலிக்குக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேற்கு ஜேர்மனி வெளியிட்ட 50 பெனிக் நாணயத்தில் குந்தியிருந்து ஓக் கன்று நடுகிறாளே ஒருத்தி, அவள் அந்தக் காலத்தின் அடையாளம். நானுஓயாப் பக்கம் காடு போனது கோப்பிக்காக, பிறகு சிங்கோனாவுக்காக, கடைசியில் தேயிலைக்காக. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக்கூடாது என்று 1873இல் பிரித்தானிய அரசு தடை போட்டது. 5,291 அடி நிலையத்தைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை நிற்பதைப் பார்த்தால் அந்தத் தடை எந்த மட்டில் பிடித்தது என்று யாரும் ஊகிக்கலாம்.

ஆனால் நடக்கிறவனுக்குக் காட்டின் வயதைவிட முக்கியமானது, அவன் அதற்குள் யாரைக் கேட்டுக் கால் வைக்கிறான் என்பது. ஜேர்மனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் காடு. அதில் ஏறக்குறைய பாதி தனியாருடையது. அப்படியிருந்தும் 1975ஆம் ஆண்டுக் கூட்டாட்சி வனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஓய்வுக்காக எவரும் காட்டுக்குள் போகலாம் என்கிறது. சொந்தப் பொறுப்பில் போக வேண்டும். கிளை முறிந்து தலையில் விழுந்தால் காட்டுக்காரனைக் கேட்க முடியாது. பவேரியா இந்த உரிமையை 1946இலேயே தன் அரசியலமைப்பில் எழுதிவிட்டது. கால்வ் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் விடக்கூடாது என்றொரு விதிகூட உண்டு. நடக்கிறவனுக்கு அவ்வளவு மரியாதை!

இந்தத் தாராளம் அந்த மண்ணின் பிறவிக் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். 1842இல் இளம் கார்ல் மார்க்ஸ் ‘ரைனிஷ ட்சைட்டுங்’ பத்திரிகையில் எழுதியவற்றில் ஒன்று விறகுத் திருட்டுச் சட்டம் பற்றியது. ரைன் மாகாணத்து ஏழைகள் காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டாக்க மாகாண சபை விரும்பியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1840இல், இலங்கையில் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் வந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்றாக்கி, ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குத் தோட்டத் துரைமாருக்கு விற்றார்கள். கண்டிச் சிங்களக் குடியானவன் இழந்த அந்த மலைகளில் வேலை செய்யத்தான் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பலர். ரைன்லாந்து ஏழையின் சந்ததி இன்று அதே காட்டில் கைத்தடியோடு உலாவுகிறது. மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் சந்ததி தான் வெட்டிய பாதையில் அனுமதியோடு நடக்கிறது.

அனுமதி என்ற சொல்லை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியார் வந்ததே அத்துமீறல் என்று வழக்கான காலம் உண்டு. தொழிற்சங்கக்காரர்கள் அதில் நிறையவே சிக்கினார்கள். 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, பாதையோ தோட்டத்துடையது. லயத்துக் குடும்பங்களில் மிகப் பலருக்குத் தனி முகவரிகூடக் கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, பிறகுதான் கைமாறும்.

கறுங்காட்டில் பாதையைப் பராமரிப்பவர்கள் யார் என்று பாருங்கள். 1864இல் பிரைபூர்க் நகரில் தொடங்கிய கறுங்காட்டுச் சங்கம்தான் ஜேர்மனியின் மிகப் பழைய நடைச் சங்கம். தொடங்கியவர்கள் கவிஞர்களோ இயற்கை அன்பர்களோ இல்லை. ஆலை முதலாளிகளும் விடுதிக்காரர்களும். தங்கள் பக்கத்தை ஊர் உலகத்துக்குத் தெரியப்படுத்தி நாலு காசு பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். 1900இல் அச்சங்கம் போர்ட்ஸ்ஹைமிலிருந்து பாசல் வரை 285 கிலோமீட்டர் நீளத்தில் மேற்குப் பாதையை அமைத்தது. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சாய்சதுரம், அதுதான் குறி. பாதை பிரியும் இடம் ஒவ்வொன்றிலும் மரத்திலோ கல்லிலோ அது இருக்கும். பிரிவு தாண்டிச் சற்றுத் தூரத்தில் இன்னொன்று, சரியான வழியில்தான் வந்திருக்கிறோம் என்று தேற்றுவதற்கு. ஊர்க் கிளைகளில் இதற்கென்று பாதைப் பொறுப்பாளர்கள் உண்டு. சம்பளம் கிடையாது. கத்தரிக்கோலும் பெயின்ட் டப்பாவுமாகத் தன் பங்கு தூரத்தை நடந்து, மறைக்கும் கிளையை வெட்டி, மங்கிய குறியைப் புதுப்பிப்பார்கள். அந்தச் சங்கம் மட்டுமே இப்படி 20,000 கிலோமீட்டருக்கு மேல் பார்த்துக்கொள்கிறது. வியாபாரமாகத் தொடங்கியது ஊர்ச்சொத்தாக மாறியதற்கு, நடக்கும் உரிமையும் குறி தீட்டும் கையும் உள்ளூரிலேயே இருந்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு.

நானுஓயாத் தோட்டங்களில் ஒரு நாள் நடையை யாரும் நடை என்று எண்ணுவதில்லை. விடியற்காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, எந்த நம்பர் மலையோ அங்கே ஏற வேண்டும். படங்கு இடுப்பில், கூடையோ நைலான் பையோ முதுகில், காலில் ரப்பர் செருப்பு. நிரைக்குள் நுழைந்தால் பாதை என்று ஒன்று கிடையாது. ஒரு கால் கல்லுக்கட்டில், மறு கால் செடித் தூரில். நடுவில் குறுக்கே ஓடும் கானை அகலக் கால் வைத்துத் தாண்ட வேண்டும், முழங்கால் வரை பனி நனைக்கும். நிறைந்த கொழுந்தோடு மடுவத்துக்கு இறக்கம், நிறுத்தபின் மறுபடி ஏற்றம். மாலையில் கவ்வாத்து மலைப் பக்கம் வேலை என்றால் அடுப்புக்கு ஒரு கட்டு மிலாறு தலையில் ஏறும். கறுங்காட்டு நடைக்காரர் வீடு திரும்பி உண்ணி கடித்திருக்கிறதா என்று காலைத் தடவிப் பார்ப்பார். உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டிருப்பார். இங்கே அட்டைக்குச் சவர்க்காரம் உண்டு, குளவிக்கு ஒன்றுமில்லை. குளவிக் கொட்டில் தொழிலாளி இறந்த செய்தி மலையகப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல.

இந்தப் பாதைகளின் மேல்தான் பீகோ பாதை வந்திருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, நுவரெலியா பீட்று தோட்டத்தில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைவழி, 22 கட்டங்கள். இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த ஸ்பானியர் மிகேல் குனாட் யோசித்தது, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் தந்தன. நோர்வூட், பொகவந்தலாவ, டயகம வழியாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் பகுதி முழுக்க முழுக்க நம் லயங்களின் முற்றம். துரைமார் குதிரையில் போகவும் தேயிலைப் பெட்டி இறக்கவும் வெட்டிய வழிகள் என்று வெளிநாட்டு நடைக்காரருக்குச் சொல்கிறார்கள். உண்மைதான். வெட்டியது யார் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால் வாக்கியம் ஒன்றும் பெரிதாக நீளாது.

பீகோ பாதையை நான் குறை சொல்ல வரவில்லை. கறுங்காட்டுச் சங்கமும் விடுதிக்காரர் கணக்கில்தானே தொடங்கியது. டயகமப் பெடியன் வழிகாட்டியாக நாட்கூலியைவிட அதிகம் சம்பாதித்தால், ஒரு லயத்து அக்கா வாசலில் பிளேன்டீயும் ரொட்டியும் விற்றால், அது நல்லதுதான். ஆனால் லயத்து வாசலில் ஒரு தட்டிக் கடை போடுவதற்கும் நிர்வாகத்தின் தலையசைப்பு வேண்டுமென்றால், பாதையில் வரும் பணம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கானைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாகோல்ட் கரையில் விடுதிக்காரருக்குத் தன் விடுதி இருந்த மண் சொந்தம். அந்த ஒரு வேறுபாட்டைப் பீகோ பாதையின் எந்த வழிகாட்டிப் பலகையும் சரிக்கட்ட முடியாது. காணி உரிமைதான் சரிக்கட்டும்.

மலையகத்தவர் தங்களுக்காகவே நடந்த ஒரு நெடுநடையும் அண்மையில் நடந்தது. முன்னோர் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. சுமார் 250 கிலோமீட்டர், கறுங்காட்டு மேற்குப் பாதையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. முன்னோர் வந்த வழியைத் தேடி நடந்தார்கள். காணி, வீடு, சம்பளம், சம உரிமை என்று கோரிக்கைகளைச் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். அந்த வழியில் நடைக்குறி எதுவும் கிடையாது. கண்டியிலிருந்து மாத்தளை 30 கிலோமீட்டர்கூட இல்லை. 22 கட்டம் வகுத்தவர்கள் இருபத்து மூன்றாவதாக அந்தத் தூரத்தையும் சேர்த்து, மாத்தளையில் பாதையைத் தொடங்கியிருக்கலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.