லாக்டேட்: ரத்தம் சொன்னது, யார் காதில் விழுந்தது?

லாக்டேட்னு சொன்னா, ஜிம்முக்குப் போகிறவர்களுக்குத் தசைவலி ஞாபகம் வரும். குழந்தைகள் ஐசியுவில் அதே பெயருக்கு வேறு அர்த்தம். இன்னைக்கு அந்த வரலாறு.

செப்சிஸ்னா, கிருமியை எதிர்க்கப் போன உடம்பு கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே சேதப்படுத்துவது. குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். பிரஷரை நம்பலாமா? குழந்தையின் உடம்பு அதைக் கடைசிவரை இழுத்துப் பிடிக்கும். இறங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

அப்போ, முன்கூட்டியே எது சொல்லும்?

முதல் துப்பு 1843 ஜனவரியில், ஜெர்மனியின் வூர்ஸ்பூர்க் நகரில் கிடைத்தது. முதல் பிரசவம் முடிந்து, பிரசவக் காய்ச்சலில் இறந்துபோன 23 வயதுப் பெண். அவருடைய ரத்தத்தைச் சோதித்த யோஹான் யோசப் ஷேரர் அதில் லாக்டிக் அமிலம் இருப்பதைக் கண்டார். யோசிச்சுப் பாருங்க, டாக்டர்கள் கை கழுவணும்னு செம்மல்வைஸ் வற்புறுத்தியதே 1847-இல்தான்!

அதன்பின் நீண்ட காத்திருப்பு. 1964-இல் பிராடர், வெயில் என்ற அமெரிக்க மருத்துவர்கள், அதிர்ச்சி நிலையில் உள்ள நோயாளி பிழைப்பாரா என்பதை லாக்டேட்டை வைத்துக் கணிக்க முடியும் என்று எழுதினார்கள். திசுக்களுக்கு ஆக்சிஜன் பத்தாதபோதும், அட்ரினலின் எகிறும்போதும் லாக்டேட் ஏறும்.

ஆனால் எண் இருந்தால் மட்டும் போதுமா? 2012, நியூயார்க். 12 வயது ரோரி ஸ்டான்டன் பள்ளியில் பந்து விளையாடும்போது கையைச் சிராய்த்துக்கொண்டான். காய்ச்சல், வாந்தி. வயிற்றுக் கோளாறு என்று அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடும் தொற்றைக் காட்டிய ரத்தச் சோதனை முடிவு, அவன் கிளம்பிப் போன பிறகுதான் வந்தது. அது பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. சில நாட்களில் ரோரி இறந்துபோனான்.

பெற்றோர் விடவில்லை. 2013-இல் அவன் பெயராலேயே அழைக்கப்படும் விதிகளை நியூயார்க் மாநிலம் கொண்டுவந்தது. செப்சிஸுக்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் நெறிமுறை வேண்டும். முக்கியமான சோதனை முடிவுகளைப் பெற்றோரிடம் சொல்லாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 2018-இல் வந்த ஆய்வு அங்குள்ள 54 மருத்துவமனைகளின் 1,179 குழந்தைகளைப் பார்த்தது. ரத்தக் கல்ச்சர், ஆன்டிபயாடிக், திரவம் மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது.

2024-இல் ஃபீனிக்ஸ் அளவுகோல் வந்தது. நுரையீரல், இதய-ரத்த ஓட்டம், ரத்தம் உறைதல், மூளை-நரம்பு என நான்குக்கும் மதிப்பெண். தொற்றோடு மொத்தம் 2 சேர்ந்தால் செப்சிஸ். லாக்டேட் 5 மில்லிமோல் தொட்டால் 1, 11 தொட்டால் 2. ஷேரர் கண்ட அதே பொருள், 181 வருஷம் கழித்து!

ஒன்றை மறக்கக் கூடாது. ஃபீனிக்ஸ், உறுப்புகள் தடுமாறத் தொடங்கிவிட்ட குழந்தையை அடையாளம் காட்டுகிறது. அதற்கும் முன்னால் மணி அடிக்கும் கருவி அது இல்லை. அந்த இடத்தில் இன்னும் மனிதக் கண்தான் வேலை செய்யணும். "பிள்ளை எப்பவும் போல இல்லை"ன்னு ஒரு அம்மா சொன்னா, அதையும் ஒரு சோதனை முடிவாகவே எடுத்துக்கணும் என்பது என் கருத்து.