முதல் செக்டரின் சரித்திரம்

ஒரு லேப்டாப்பின் உள்ளே இரண்டு டிஸ்க்குகளைப் பொருத்தி, ஒன்றில் விண்டோஸையும் மற்றொன்றில் லினக்ஸையும் நிறுவி, பவர் பட்டனை அழுத்தும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்வது இன்று கல்லூரி மாணவர்கள் ஒரு பிற்பகலில் முடித்துவிடும் சாமானிய காரியமாகிவிட்டது. ஆயினும் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகள் எவருக்குச் சொந்தம் என்பதைக் குறித்துப் பல ஆண்டுகள் நீடித்த வியாஜ்ஜியம் ஒன்று உண்டு. அதை அறிந்தவர்களுக்கே இரண்டாவது டிஸ்க் அளித்த சுதந்திரத்தின் அருமை விளங்கும்.

1983 மார்ச் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் பி.சி. எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0 அந்த டிஸ்க்கின் முதல் செக்டருக்கு ஒரு விசேஷ ஸ்தானத்தை அளித்தது. 512 பைட்டுகளே கொண்ட அச்செக்டரில் 446 பைட் புரோகிராமுக்கும், 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கும், கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கும் என்று பிரிக்கப்பட்டன. கம்ப்யூட்டர் உயிர்பெற்றவுடன் பயாஸ் தன் பரிசோதனைகளை முடித்து, அந்த ஒரு செக்டரை மட்டும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, அதை எழுதியவர் யார் என்று விசாரியாமலே சகல அதிகாரத்தையும் அதனிடம் ஒப்படைத்துவிடும். ஒரே டிஸ்க்கில் பல ஆபரேட்டிங் சிஸ்டங்கள் வாழக்கூடும் என்பதை அதை வகுத்தவர்கள் உணர்ந்தே இருந்தார்கள். ஆனால் நான்கு குடித்தனங்களுக்கென்று வீட்டைக் கட்டிவிட்டு, வாசலை மட்டும் ஒன்றாக வைத்துவிட்டார்கள். பின்னால் நேர்ந்த சண்டைகளுக்கெல்லாம் மூலகாரணம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் குடியிருந்த கம்ப்யூட்டரிலேயே தமது லினக்ஸை உருவாக்கினார். தொடக்கத்தில் லினக்ஸை ஃபிளாப்பியிலிருந்தே கிளப்ப வேண்டியிருந்தது. அக்குறையைத் தீர்க்க 1992 முதல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிவந்த லிலோ என்ற சிறு புரோகிராம், முதல் செக்டரில் அமர்ந்து, எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. அது வேலை செய்த விதம் விசித்திரமானது. ஒவ்வொரு கட்டத்தையும் கடந்தபின் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் பதிக்கும். நான்கெழுத்தும் வந்துவிட்டால் நிம்மதி. இரண்டெழுத்தோடு நின்றுபோனாலோ, இரண்டாம் கட்டப் புரோகிராமைப் படித்துவிட்டது, இயக்கத்தான் முடியவில்லை என்று அர்த்தம். கருந்திரையில் நின்ற அந்த இரண்டெழுத்தைக் கொண்டே நோயின் இடத்தை நிர்ணயிக்க வேண்டும். மேலும், லினக்ஸின் மையமான கெர்னல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறதென்பதை ஃபைலின் பெயரால் அல்லாமல் செக்டர் எண்களால் லிலோ நினைவில் வைத்திருந்தபடியால், கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தவர், மறுநாள் பூட் ஆகாத கம்ப்யூட்டரின் முன் உட்கார நேர்ந்தது. 1995-ல் எரிக் போலின் தொடங்கிய க்ரப், ஃபைல் சிஸ்டத்தையே படித்தறியும் ஆற்றலுடன் வந்து இச்சங்கடத்தை நீக்கியது.

ஆனால் வாசல் ஒன்றே என்ற நிலை மாறவில்லை. விண்டோஸை நிறுவினால் அது எவரையும் கேளாமல் முதல் செக்டரைத் தன்னுடையதாக எழுதிவிடும். ஆகவே விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பிறகும் நிறுவுவதே சம்பிரதாயமாயிற்று. டிஸ்க்குகளை இரண்டாக்கினாலும் அப்போது முழு நிவாரணம் கிட்டவில்லை. பயாஸ் முதல் டிஸ்க்குக்கு 128 என்றும் இரண்டாவதற்கு 129 என்றும் எண் கொடுக்கும். விண்டோஸோ தான் 128-ல் இருப்பதாகவே எண்ணிப் புறப்படும். அதனால் க்ரப், இரண்டு எண்களையும் இடம் மாற்றிக் காட்டி அதை நம்பவைக்க நேர்ந்தது.

லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் தேடியது தனிக் கதை. திங்க்பேட் வகைகளில் டிவிடி டிரைவைக் கழற்றி, அதே இடத்தில் அடாப்டருடன் ஹார்ட் டிஸ்க்கைச் செருக முடிந்தது; மற்றவற்றில், 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர் கனமுள்ள கேடி என்ற சட்டத்தில் டிஸ்க்கைப் பொருத்தி டிவிடி டிரைவின் பள்ளத்தில் தள்ளுவார்கள். பிறகு 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எம்.2 எஸ்.எஸ்.டி. வந்து, பழைய இரண்டரை அங்குல டிஸ்க்கை அப்புறப்படுத்தாமலே அதன் அருகில் இடம் பிடித்துக்கொண்டது.

உண்மையான தீர்ப்பை வழங்கியது யு.இ.எஃப்.ஐ. இன்டெல் தன் இட்டேனியம் பிராசஸருக்காக வகுத்து, 2005-ல் பல நிறுவனங்களின் பொதுமன்றத்திடம் ஒப்படைத்த இம்முறையில், முதல் செக்டரைக் கண்மூடி நம்பும் வழக்கம் ஒழிந்தது. ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்கென்று ஒரு சிறு இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை வைத்துக்கொள்ளலாம், எந்த டிஸ்க்கில் எந்த ஃபைலை இயக்குவது என்ற பட்டியல் மதர்போர்டிலேயே இருக்கும். எஃப்12 அல்லது எஃப்9 விசையை அழுத்தினால், ஒரு டிஸ்க்கின் சிஸ்டம் மற்றதைத் தொடாமலே கிளம்பும். ஆனால் சில இன்ஸ்டாலர்கள் இரண்டாவது டிஸ்க்கைக் காட்டினாலும் பூட் ஃபைல்களை முதல் டிஸ்க்கின் பார்ட்டிஷனிலேயே வைத்துவிடுவதால், அனுபவசாலிகள் லினக்ஸை நிறுவும்வரை விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றியே வைக்கிறார்கள். அது சிரமமாகத் தோன்றினாலும், அவ்விதம் செய்வதே சரி.

டிஸ்க்குகள் பிரிந்தபின்னும் பொதுவில் எஞ்சியது மதர்போர்டின் கடிகாரம். அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கொள்ளும். லினக்ஸோ பெரும்பாலும் உலகப் பொது நேரம் என்று கொள்ளும். ஆகையால் இந்தியாவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் 5 மணி 30 நிமிஷம் பிசகி நிற்கும். லினக்ஸில் ஒரு கட்டளையாலோ, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பாலோ இதைச் சரிசெய்துவிடலாம். இரண்டு இடத்திலும் செய்தால் பிசகு எதிர்த்திசையில் திரும்பிவிடும்.