மில்லிமீட்டருக்குள் ஒரு மின்னல்

1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவருக்கும் ஒரு திரை தேவைப்பட்டது. கணினி வழியே பாடம் நடத்தும் ‘பிளேட்டோ’ திட்டத்துக்காக. படம் மறையாமல் நிற்கத் திரைக்கு நினைவகம் வேண்டும்; அன்று கணினி நினைவகம் யானை விலை. திரைக்கொன்று வாங்கினால் கட்டுப்படியாகாது. நடுவில் துளை போட்ட மெல்லிய கண்ணாடியை இரு கண்ணாடிகளுக்கிடையே வைத்து, துளைக்குள் வாயுவை அடைத்தார்கள். மின்முனைகள் வெளியே. வோல்ட்டேஜ் ஏறியதும் துளைக்குள் வாயு பிளாஸ்மாவாகி ஒளிர்ந்தது. கண்ணாடிச் சுவரில் மின்னூட்டம் படிந்து நின்றதால், அடுத்தடுத்த துடிப்புகளுக்குக் குறைந்த வோல்ட்டேஜே போதும். எரிந்த புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். அணைந்தது அணைந்தே கிடக்கும். திரையே நினைவகமாகிவிட்டது! இந்தக் கதையில் என்னை மலைக்க வைப்பது இந்த இடம்தான்.

பழைய திரைகளில் இருந்த நியானின் செம்மஞ்சளைத் தாண்டி நிறங்கள் வர, செனான் உள்ளே வர வேண்டியிருந்தது. அது உமிழும் 147 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. வாயு நிரம்பிய சிற்றறையின் சுவரில் பூசிய பாஸ்பர் எனும் ஒளிர்பொருளில் பட்டுச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ வெளிவரும். 1992-இல் ஃபுஜிட்சு 21 அங்குல வண்ணத் திரையைக் கொண்டுவந்தது. பிறகு பிளாஸ்மா டிவிகளின் காலம். எல்சிடி மலிந்ததும் அதுவும் முடிந்தது.

டிவிகள் ஓய்வதற்கு முன்பே, அதே இல்லினாயில் கேரி ஈடனும் சுங்-ஜின் பார்க்கும் அந்தச் சிற்றறையை மேலும் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். வாயுவைப் பற்றவைக்கும் வோல்ட்டேஜ், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்று 1889-இலேயே ஃபிரெட்ரிக் பாஷன் கண்டிருந்தார். இடைவெளி குறுகினால், அழுத்தத்தைக் காற்றுமண்டல அளவுக்கு ஏற்றினாலும் வோல்ட்டேஜ் எகிறாது. நெரிசலில் அணுக்கள் ஓயாமல் மோதுகின்றன. கிரிப்டானும் குளோரினும் நொடியின் மிகச் சிறு துளி நேரம் ஒட்டியிருந்து, பிரிகையில் 222 நானோமீட்டர் ஒளியை விடுகின்றன. பாதரசம் துளியும் வேண்டாம்.

டிவியில் புற ஊதாவைக் கண்ணாடி வெளியே விடாது. இந்தச் சுருங்கிய சிற்றறைகளால் ஆன தட்டையான புது விளக்குகளிலோ அது வெளியே வந்தாக வேண்டும். அதனால் சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் உருக்கிய சிலிக்கா. பழைய பாதரசக் குழாயின் 254 நானோமீட்டர் கதிர் கிருமியைக் கொல்லும், ஆனால் தோலையும் கண்ணையும் சுடும். அறை முழுக்கப் பாய்ச்சுவதானால் ஆட்களை வெளியேற்றிவிட்டுத்தான் போட வேண்டும். அதேபோல் கிருமியைக் கொல்லும் 222-ஐயோ தோலின் மேலேயுள்ள இறந்த செல் அடுக்கின் புரதமே பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. ஆட்கள் இருக்கும் அறையிலேயே எரியவிடலாம் என்ற நம்பிக்கை அதனால்தான். அதற்கும் நிபந்தனை உண்டு: கூடவே கசியும் நீள அலைகளை வடிகட்டி தடுக்க வேண்டும், சிறிதளவு உண்டாகும் ஓசோன் தேங்காமல் காற்றோட்டமும் இருக்க வேண்டும்.