காலணாவின் பெயரில் ஓர் உணவகம்

கல்கத்தாவின் பழைய எளிய உணவகங்களுக்குப் ‘பைஸ் ஓட்டல்’ என்று பெயர். ‘பைஸ்’ என்பது காலணா. ஒரு ரூபாய்க்கு 64 காலணா. 1957இல் தசம நாணய முறை வந்தபின் காலணா வழக்கொழிந்தது. உணவகத்தின் பெயரில் மட்டும் அது நிலைத்துவிட்டது.

வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊர்ப்புறங்களிலிருந்து வந்து, குடும்பத்தைப் பிரிந்து தங்கியிருந்த எழுத்தர்களும் மாணவர்களுமே இவற்றை வாழவைத்தனர். இவற்றின் மலிவுக்கு அடிப்படை, விலையிடும் முறை. முழுச் சாப்பாட்டுக்கென ஒரே விலை கிடையாது. சோறு, பருப்பு, மீன் குழம்பு மட்டுமன்றி வாழையிலையும் எலுமிச்சைத் துண்டும்கூடத் தனித்தனியே கணக்கிடப்பட்டன. இலீசா மீன் உண்பவரும், பருப்புச் சோற்றோடு எழுபவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். கையில் காசு குறைந்தவர் எவரிடமும் இரக்கம் வேண்டி நிற்க நேரவில்லை.

ஆயினும் அவ்வரிசைக்கு ஓர் எல்லை இருந்தது. பல உணவகங்கள் ‘இந்து ஓட்டல்’ என்றே பெயர் தாங்கின. விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் 1940இல் வெளியிட்ட நாவலின் தலைப்பும் ‘ஆதர்ச இந்து ஓட்டல்’ என்பதே. வர்க்க வேறுபாட்டைத் தளர்த்திய இலை, சமய வேறுபாட்டை வாயிலிலேயே அறிவித்தது.

கல்லூரித் தெருவை ஒட்டிய பவானி தத்தா சந்தின் இந்து ஓட்டல், விடுதலைக்குப்பின் ‘சுவாதீன் பாரத்’ என்ற அடைமொழியைப் பெற்றது. ‘இந்து’ என்ற சொல்லும் உடன் நின்றது. இன்று அங்கே பல ஊர்ப் பயணிகள் பசியாறுகின்றனர். மலிவான உணவின் வரலாற்றை அறிய விரும்புவோர் விலைப்பலகையோடு பெயர்ப்பலகையையும் படித்தல் வேண்டும்.