கட்டாயமும் முயற்சியும்: மும்பைத் தமிழ்வழிக் கல்வி குறித்த சட்டங்களின் மொழி

1. முன்னுரை

பள்ளிக் கல்வி பற்றிய சட்டங்கள் இரண்டு வினாக்களை எதிர்கொள்கின்றன. குழந்தை பள்ளிக்கு வருதல் வேண்டுமா என்பது ஒன்று. எம்மொழியில் கற்றல் வேண்டும் என்பது மற்றொன்று. மும்பைக்குரிய சட்டங்களை நோக்கின், முதல் வினாவிற்கு உறுதியான வினைமுற்றுகளாலும் இரண்டாவதற்குத் தளர்ந்த தொடர்களாலும் விடை தரப்பட்டிருப்பது புலனாகும். இவ்வேறுபாடு அந்நகரின் தமிழ்வழிக் கல்விக்கு எத்தகைய விளைவைத் தந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. கட்டாயக் கல்வியின் தொடக்கம்

1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் தொடக்கக் கல்வியை மாநகராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. விட்டல்பாய் படேல் முயற்சியால் 1918இல் நிறைவேறிய சட்டம், பம்பாய் மாகாண நகராட்சிகள் கட்டாயக் கல்வியைக் கொணர இசைவளித்தது. பம்பாய் நகருக்கெனத் தனிச்சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. அதன் வழி 1925இல் எஃப், ஜி என்னும் இரு வட்டங்களில் கட்டாயக் கல்வி தொடங்கிற்று. இன்றைய பகுப்பின்படி மாட்டுங்கா எஃப் வடக்கு வட்டத்திலும் தாராவி ஜி வடக்கு வட்டத்திலும் அடங்கும்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் தொழிலாளர் தாராவியிலும், அலுவலகப் பணியாளர் மாட்டுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் மிகுதியாகக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தோன்றியது. தமக்கெனக் கல்வி நிறுவனம் அமைத்துக்கொள்ளும் வசதி ஒரு பிரிவினர்க்கு இருந்தது. தாராவிக் குடும்பங்களோ பெரிதும் மாநகராட்சிப் பள்ளிகளையே சார்ந்திருந்தன. ஆதலின் சட்டச் சொல்லின் தளர்ச்சி இவர்களையே முதலில் தாக்கியது எனலாம்.

3. பயிற்றுமொழி பற்றிய விதிகள்

1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தெளிவான அளவுகோல் ஒன்றை வகுத்தது. ஒரு மொழி பேசும் மாணவர் பள்ளி முழுவதிலும் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்படல் வேண்டும் என்பது அது. பெற்றோர் அறிவிக்கும் மொழியே தாய்மொழி என்றும் அம்மாநாடு கொண்டது. எனினும் இது தீர்மானமேயன்றிச் சட்டமன்று.

1956இல் ஏழாம் திருத்தத்தால் அரசமைப்பில் 350-அ உறுப்பு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்க மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் முயலுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. 'அளித்தல் வேண்டும்' என்பதில் கடமை விளைவைப் பற்றியது. 'அளிக்க முயலுதல் வேண்டும்' என்பதில் கடமை முயற்சியோடு நின்றுவிடுகின்றது. 1949இன் எண்ணளவு இவ்வுறுப்பில் இடம்பெறவில்லை என்பதும் கருதத்தக்கது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அது உரிமையாக்கிற்று. பயிற்றுமொழி பற்றிய 29ஆம் பிரிவிலோ இரட்டைத் தளர்ச்சி காணப்படுகின்றது. பாடத்திட்டம் வகுக்கும் அமைப்பு கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் ஒன்றாகவே தாய்மொழி குறிக்கப்படுகின்றது. அதுவும் 'நடைமுறைக்கு இயலும் அளவில்' என்னும் அடையுடன். இயலுமா என்பதை முடிவு செய்வோர் யார் என்பதைத் தொடர் கூறவில்லை. மேலும், இச்சட்டத்தின் எல்லை எட்டாம் வகுப்பு. அதற்குமேல் தாராவி மாணவர் தமிழில் தொடர்ந்து கற்க இச்சட்டத்தின் துணை இல்லை.

4. பெற்றோர் விருப்பமும் மாநில மொழியும்

ஆங்கிலோ-இந்தியரும் ஆசிய வழியினர் அல்லாதோரும் ஒழிந்த பிறரை ஆங்கிலவழி வகுப்புகளில் சேர்த்தலாகாதெனப் பம்பாய் அரசு 1954இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அதனைச் செல்லாதென்றது. கர்நாடக வழக்கில் 2014இல் அளித்த தீர்ப்பில், தாய்மொழி எதுவென உறுதி செய்வோர் பெற்றோரே என்றும் அதனை அரசு திணித்தலாகாதென்றும் அந்நீதிமன்றம் கூறிற்று. இவ்வாறு ஆங்கிலவழியை நாடும் விருப்பம் நீதிமன்றத்தால் காக்கப்படும் உரிமையாயிற்று; தமிழ்வழியை நாடும் விருப்பம் முயற்சிக்குரிய பொருளாகவே நின்றது.

மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கும் 2020ஆம் ஆண்டு மகாராட்டிரச் சட்டம், மீறுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கின்றது. மாநில மொழியைக் கற்பிக்கச் சிறுபான்மைப் பள்ளிகளையும் பணிக்கலாம் என்பது உஷா மேத்தா வழக்கில் 2004இலேயே ஏற்கப்பட்ட கருத்து. ஈண்டு நோக்கத்தக்கது மராத்தியின் தகுதியன்று. தண்டத்தோடு கூடிய வினைக்கும் முயற்சியோடு அமையும் வினைக்கும் உள்ள தொலைவே.

5. முடிவுரை

மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்ததற்கு ஆங்கில நாட்டம் ஒரு காரணம். மேல்வகுப்புக்கு உறுதி தராத சட்டமும் அந்நாட்டத்தை வளர்த்தது என்பது மறுக்கவியலாதது. 'முயலுதல் வேண்டும்' என்பதை 'அளித்தல் வேண்டும்' எனப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், இல்லாத உரிமையொன்றைப் பெற்றோர்க்குக் காட்டியவராவார். தளர்ச்சியைத் தளர்ச்சியாகவே தமிழில் தருதல் வேண்டும். அதனைக் கண்டறிந்த பின்னரே திருத்தம் கோர இயலும்.